வெள்ளிக்கிழமை கேட்காத விரால்

ஏப்ரல் 2, 1997. புதன்

விடிஞ்சதுமே வெக்கை. ஃபேன் காத்தே சுடுது. தாமிரபரணியில குளிச்சிட்டு வீடு வந்து சேரதுக்குள்ள மறுபடி வேர்வை.

மணிமுத்தாறு அணைக்கு ஜீப்புல போனோம். நான், எங்க காலேஜ் ஹெச்.ஓ.டி., லேப் டெக்னீஷியன் பிச்சையா. பின் சீட்டுல சாக்குல சுத்தி விரால்.

அடுத்த வீட்டுக்காரி அம்மாகிட்ட கேட்டாளாம், ஒம்ம மவன் அணையில போய் அப்படி என்னதான் செய்யுதான்னு. அம்மா ராத்திரி சோறு போடும்போது என்னக் கேட்டா. சொன்னேன்: "அது மீன் இல்லம்மா. ஆள் இல்லாம தண்ணிக்குள்ள தானே போற வண்டி. நாங்க வச்ச பேரு விரால். தண்ணிக்குள்ள ரேடியோ எடுக்காது. சத்தம் போட்டுத்தான் பேசணும். படகுல இருந்து கயித்துல கட்டி ஒரு ஸ்பீக்கரை இறக்கி கீக்கீக்னு விடுவோம். அது கேட்டு, கேட்டுட்டேன்னு மூணு கீக் திருப்பி விடணும். அது எங்க ஹெட்ஃபோன்ல கேக்கும். மேல வான்னா மேல வரணும்."

"அப்ப மீனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கான்னு சொல்லிடுதேன்" என்றாள். சரின்னு விட்டுட்டேன்.

இன்னிக்குக் கேக்கல. பக்கத்துல இருந்தா கேக்குது. தூரமாப் போனா ஒண்ணும் இல்ல. நேத்து செவ்வாய்க்கிழமை அதே தூரத்துல நல்லபிள்ளையாட்டம் கேட்டுச்சு. நேத்து வந்த உடனே ஆரம்பிச்சோம். இன்னிக்கு ராகு காலம் முடியட்டும்னு ஹெச்.ஓ.டி. ஒன்றரை வரைக்கும் புளியமரத்தடியில உக்கார வச்சுட்டாரு. பிறகு தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழத்த ஜீப் டயர்ல நசுக்கி, சகல மரியாதையோட இறக்கி, கேக்கல.

ஹெச்.ஓ.டி.: "என்ன வே இது, ஒருநா கேக்குது, ஒருநா கேக்கல?"

நான்: "தெரியல சார்."

வாங்க வேண்டியது: சால்டர் ஈயம், ரப்பர் வாசர், அம்மாவுக்கு முட்டுவலித் தைலம்.

வ. நினைப்பு. (பொண்டாட்டி பேர வடிவுன்னு முழுசா எழுதினா கை நின்னுபோகுது. வ. போதும்.)


ஏப்ரல் 3, வியாழன்

கேட்டுச்சு. காலம்பற பத்துக்கெல்லாம் இறக்கியாச்சு, பதினொண்ணுக்குள்ள வேல முடிஞ்சு கல்லிடைக்குறிச்சியில சாப்பாடு. 'இடது' என்றால் இடது. 'மேல வா' என்றதும் முதுகுல செவப்புக் கொடியோட டபக்னு வந்து நின்னான் பாருங்க, எனக்குச் சிரிப்பாணி தாங்கல.

ஹெச்.ஓ.டி. ஓட்டல்ல ரெண்டாவது தடவ பாயாசம் கேட்டு வாங்கினாரு.

சந்தோசத்த உடனே சொல்லணும்னா வ.கிட்டத்தான் சொல்லணும். அவ போபால்ல இருக்கா. பேங்க்ல ஆபீசர் பிரமோஷன், அங்கன தூக்கிப் போட்டுட்டாங்க. போய் ஒண்ணரை வருசம் ஆச்சு. சந்தோசம் வந்தா ஞாயித்துக்கிழம வரைக்கும் வச்சிருந்து சொல்லணும். அதுக்குள்ள ஊசிப்போயிருது.


ஏப்ரல் 4, வெள்ளி

கேக்கல.

பன்னெண்டு மணிக்கு மேலதான் ஆரம்பம், வெள்ளிக்கிழம ராகு காலம் அப்படி. ஹெச்.ஓ.டி. முகம் தொங்கிப்போச்சு. அம்மனுக்கு உகந்த நாளாச்சே, இன்னிக்குமா? பிறகு பிச்சையாவைத் திரும்பிப் பாத்தாரு.

"ஏலே, காலைல என்ன தின்னே?"

"ஆம்லேட் சார்."

"வெள்ளிக்கிழமையுமா? கூறு கெட்டவனே!"

பிச்சையா என்னைப் பாக்கான், நான் தண்ணியப் பாக்கேன். தூரத்துல தானா மேல வந்து மிதந்துட்டு கிடக்கு விரால். ஒண்ணும் கேக்கலன்னா பத்து நிமிசத்துல தானா மேல வாரமாதிரி செஞ்சு வச்சிருக்கு. அதுமட்டும் ஒழுங்கா நடக்கு.

திரும்பி வரும்போது வண்ணார்பேட்டையில பஸ் நெரிசல். மல்லிப்பூ விக்கிறவ ஜீப்புக்குள்ள கைய நீட்டி "சார், வீட்டுல இருக்கவுகளுக்கு" என்றாள். வாங்கிட்டேன். கோட்டி புடிச்ச மாதிரி. அம்மா சாமி படத்துக்குப் போட்டா.


ஏப்ரல் 6, ஞாயிறு

எஸ்.டி.டி. பூத். எனக்கு முன்ன ஒருத்தன் துபாய்க்குப் பேசுதான், பூத்து குலுங்குது. பிறகு நான்.

லைன்ல நான் பேசினது எனக்கே திரும்பிக் கேட்டுச்சு. அவ பேச்சுக்கு நடுவுல என் பேச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி, ஒரே நேரத்துல நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "நீ சொல்லு". அதுலயே பாதி நேரம் போயிட்டு.

வ. சொன்னது: அவ பேங்க்குக்கு வார காலேஜ் செக்ரட்டரி ஒருத்தர் இருக்காராம். அவர் காலேஜ்ல எலெக்ட்ரானிக்ஸ் லெக்சரர் இடம் காலி. என் பேரச் சொல்லி வச்சிருக்கா. மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணும்.

"எனக்கு இந்தி வராதே வடிவு."

"பாடம் இங்கிலீஷ்லதான். காய்கறி வாங்கற இந்திய நான் சொல்லித் தாரேன். நீங்க வாரிய."

கேக்கவே இல்ல. 'வாரிய'ன்னு சொல்லிட்டா. அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செஞ்சது. வாரேன்னு சொல்லிட்டேன்.

விராலை என்ன செய்யன்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல.


ஏப்ரல் 7, திங்கள்

ஹெச்.ஓ.டி. ரூமுக்குக் கூப்பிட்டாரு. மெட்ராஸ்ல இருந்து கமிட்டி வருது. பதினெட்டாம் தேதி. வெள்ளிக்கிழமை.

விரால் கேட்டா இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பணம், பிறகு திருச்செந்தூர் பக்கம் கடல்ல சோதனை. கேக்கலன்னா இழுத்து மூடிருவாங்க.

"ரெண்டு வருசமும் நீரு இருக்கணும் வே. உம்ம பேரப் போட்டுத்தான் கேட்டிருக்கேன். நீரு இல்லன்னா அது வெறும் குழாய்."

தலைய ஆட்டினேன். வெளிய வந்து மாடிப்படியில நின்னேன். மனசுல முதல்ல வந்தது இதுதான், ஒளிக்காம எழுதுதேன்: வெள்ளிக்கிழமைதானே. வெள்ளிக்கிழமை கேக்காதே. நல்லதாப் போச்சு.

சவம். என்ன புத்தி இது!


ஏப்ரல் 9, புதன்

நடந்தத அப்படியே எழுதணும்.

ஒன்றரைக்கு மேல இறக்கினோம். கேக்கல. ஹெச்.ஓ.டி. சாப்பிட்டுட்டு ஜீப்புல சாஞ்சுட்டாரு. வெயில் மண்டையப் பொளக்குது. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நான் அணையில இறங்கி நீந்தினேன். தண்ணி வெந்நீயாட்டம் இருந்துச்சு. கொஞ்ச தூரம் போய் நின்னுக்கிட்டே கால உதைச்சேன். நெஞ்சு வரைக்கும் வெந்நீ, பாதத்துல ஐஸ்.

ரெண்டு மூணு தரம் முங்கிப் பாத்தேன். ஆமா. மேல ஒரு தண்ணி, கீழ வேற தண்ணி.

அந்தானைக்கு டக்னு புரிஞ்சுபோச்சு. சூடான தண்ணியில சத்தம் வேகமாப் போகும், குளிர்ந்ததுல மெதுவா. ரெண்டுக்கும் நடுவுல சத்தம் நேராப் போகாது, கீழ வளைஞ்சுரும். எங்க ஸ்பீக்கரு ஒரு ஆள் ஆழத்துல, அந்தச் சூட்டுக்குள்ளயே தொங்குது. விராலும் மேலதான் நிக்கி. சத்தம் அதுக்கு அடியில வளைஞ்சு போயிருது. காலையில தண்ணி மேலயும் கீழயும் ஒரே குளிர்ச்சி, அதனால கேக்குது. மத்தியானம் கேக்காது. கடல்காரங்க எழுதின புத்தகத்துல படிச்சதுதான். படிச்சு மார்க்கும் வாங்கினேன், இந்த மண்டையில ஏறல.

கிழமையும் இல்ல, ஆம்லேட்டும் இல்ல. புதனும் வெள்ளியும் ராகு காலத்துக்குப் பயந்து நல்ல வெயில்ல இறக்கினோம். அவ்வளவுதான் எளவு.

பிச்சையாவைப் படகு தள்ளச் சொன்னேன். விராலை இன்னொரு தரம் தூரமா முங்க விட்டோம். கயித்துல ஒரு ஆள் ஆழத்துக்குன்னு தெப்பக்குளத்துல சோதிச்ச காலத்துல போட்ட முடிச்சு. அத அவுத்து, கீழக் குளிர்ந்த தண்ணியில இருந்து சாய்ஞ்சு மேல போற சத்தம் விராலுக்கு எட்டும்னு, ஸ்பீக்கரைப் பைய ஆழத்துக்கு விட்டேன். ஹெட்ஃபோனை மாட்டிட்டு, 'கேக்குதா?' மட்டும் அனுப்பினேன்.

கீக். கீக். கீக்.

அந்தச் சத்தம் என் காதுல மட்டும். பிச்சையா "என்ன சார்?" என்றான்.

வாயத் தெறந்தேன். போபால், வ., 'வாரிய'. வாய மூடிட்டேன்.

"ஒண்ணுமில்லலே. கேக்கல."

கயித்த மேல இழுத்து, அதே இடத்துல முடிச்சப் போட்டுட்டேன்.


ஏப்ரல் 10, வியாழன்

கேட்டுச்சு. காலையில கேக்காம என்ன செய்யும்.

ஹெச்.ஓ.டி. சிரிச்ச முகமா "வியாழன் குருவுக்குரிய நாள் வே" என்றாரு. ஆமா சார்.

ஷேவ் பண்ணும்போது தாடையில வெட்டிட்டு.


ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. அம்மா கண்ணாடி, பழம், கொன்றைப்பூ எல்லாம் வச்சு எழுப்பிவிட்டா. பாபநாசத்துக்குப் போய்க் குளிச்சோம். தலைகதான் தெரியுது, ஆறு தெரியல. ஒரு பொம்பள தண்ணிக்குள்ள நின்னு புருசன ஏசிட்டு இருந்தா: "சோப்ப எங்கன வச்சீரு? ஒரு காரியத்துக்கு லாயக்கில்ல." அந்த ஆளு சிரிச்சிட்டே நிக்கான். பொறாமையா இருந்துச்சு. நம்மள ஏச ஒரு ஆளு பக்கத்துல இல்லையே.

போபால் வேல விசயம் அம்மாவுக்குத் தெரியும். பஸ்ல சொன்னா: "கல்யாணம் ஆகி நாலு வருசம். ரெண்டு பேரும் ரெண்டு திக்குல. பிள்ள என்னலே, ஆகாயத்துல இருந்தா விழும்?"

நான் ஜன்னல்பக்கம் திரும்பிட்டேன். அம்மா விடல. "ஊர்ல என்ன பேசுவாக தெரியுமா? பொண்டாட்டி சம்பாத்தியத்துக்குப் பின்னால போறான்னு சொல்லுவாக. சொன்னாச் சொல்லட்டும்லே. போ."

அம்மா வாயில இருந்து இப்படி வரும்னு நான் நினைக்கல.

சாயங்காலம் போன். வ. ஒரே குதியாட்டம். ரெண்டாவது நாற்காலி வாங்கிட்டாளாம். மச்சுல இருந்து பாத்தா ஏரி தெரியும், அங்கன உக்காந்து டீ குடிக்கலாமாம். "உங்க விராலை அந்த ஏரியில விடுங்களேன்" என்றாள், விளையாட்டா. வெள்ளிக்கிழம கமிட்டி வருதுன்னு மட்டும் சொன்னேன். முடிச்சு அவுத்தத, மூணு கீக் கேட்டத அவகிட்டச் சொல்லல. வெள்ளிக்கிழம வரைக்கும்தானே. அதுக்குப் பிறகு விரால் இல்ல.


ஏப்ரல் 17, வியாழன்

ஹெச்.ஓ.டி. நேத்தே திருச்செந்தூர் போயிட்டு வந்துட்டாரு. இலை விபூதி கொண்டாந்து எனக்கும் பிச்சையாவுக்கும் பூசினாரு. விராலுக்கும் நெத்தின்னு ஒரு இடத்தக் குறிச்சுப் பூசினாரு.

"சார், நாளைக்குக் காலம்பற ஒம்பது மணிக்கே ஆரம்பிச்சா என்ன?" கேட்டுட்டேன். எப்படிக் கேட்டேன்னு தெரியல, வாய் தானாக் கேட்டுட்டு.

"கமிட்டிக்காரங்க ரயில்ல வந்து குளிச்சு வரவே பத்தாயிரும். பிறகு ராகு காலம். பன்னெண்டுக்கு மேலதான் வே."

நான் கேட்டாச்சு. அவரு ஒத்துக்கல. இனி என் மேல தப்பு இல்லன்னு சொல்லிக்கிட்டேன்.


ஏப்ரல் 18, வெள்ளி

வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. 

கமிட்டி ரெண்டு பேர். ஒருத்தர் தொப்பி, பேசாத மனுசன். இன்னொருத்தர் சஃபாரி சூட்டு, வாய் ஓயல. ராகு காலம் முடியக் காத்திருக்கோம்னு ஹெச்.ஓ.டி. சொன்னதுமே சஃபாரி கைக்கெடிகாரத்தப் பாத்துச் சிரிச்சாரு. 

பன்னெண்டு. தேங்காய். படகு. விரால் முங்கிப் போச்சு. ஒரு ஆள் ஆழத்து முடிச்சுல ஸ்பீக்கரு. 'மேல வா' அனுப்பினேன். ஒண்ணும் இல்ல. மறுபடி. ஒண்ணும் இல்ல. ஹெச்.ஓ.டி. உதடு மட்டும் அசையுது, கந்தசஷ்டிக் கவசம்னு நினைக்கேன். நெத்தி விபூதி வேர்வையில கரைஞ்சு மூக்குல ஓடுது. என்னைப் பாத்தாரு. நான் தண்ணியப் பாத்தேன்.

பத்து நிமிசம் கழிச்சு விரால் தானா மேல வந்துட்டு.

சஃபாரி: "வந்துடுச்சே! கூப்பிட்டப்ப வராம, தூங்கி எழுந்து வருது!" சிரிப்பு. "சார், இது செவிட்டு மெஷின். ஒரு செவிட்டுக் குழாய்க்கா மூணு வருஷம்?"

தொப்பிக்காரர் பேனாவை எடுத்தாரு. 

அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் நான் வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும். ரயில் ஏறிரலாம். ரெண்டாவது நாற்காலி. எல்லாம் நினைச்சேன், நினைக்காம இல்ல.

ஆனா கோவம் வந்துட்டு. பொல்லாத கோவம். யாரப் பாத்துச் செவிடுங்கான்? அந்தக் காத நான் செஞ்சேன். கையில ஈயம் பட்டுப் பட்டு, மூணு மழைக்காலம் உக்காந்து செஞ்சேன். அதுக்குக் கேக்கும். அங்கன சத்தம் போய்ச் சேரல, அதுக்கு அது என்ன செய்யும்?

"பிச்சையா, அத மறுபடி முங்க விடு" என்றேன். கயித்த வாங்கி முடிச்ச அவுத்தேன். ஆழத்துக்கு விட்டேன், கயிறு தீருற மட்டும். 'கேக்குதா?'

கீக். கீக். கீக்.

ஹெட்ஃபோனக் கழட்டி சஃபாரி காதுல வச்சு அமுக்கினேன். கொஞ்சம் பலமாவே அமுக்கிட்டேன். மறுபடி அனுப்பினேன். அவரு சிரிப்பு நின்னுட்டு. பிறகு 'மேல வா'. செவப்புக் கொடி. பிச்சையா படகுன்னும் பாக்காம எந்திரிச்சு ஆடினான், எல்லாரும் கவிழப் பாத்தோம்.

தண்ணிச் சூடு, சத்தம் வளையறது எல்லாம் விளக்கிச் சொன்னேன். தொப்பிக்காரர் ரொம்ப நேரம் கேள்வி கேட்டாரு, நல்ல கேள்வி. ரெண்டு வருசம்னு அங்கனயே சொல்லிட்டாரு.

ஹெச்.ஓ.டி. என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. "எப்பம் வே கண்டுபிடிச்சீரு?"

"இப்பந்தான் தோணிச்சு சார்."

"பாத்தீரா, ராகு காலம் கழிஞ்சு ஆரம்பிச்சதுதான்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துட்டு. வெயில்னு நினைச்சிருப்பாக.


ஏப்ரல் 19, சனி

காலேஜ்ல எல்லாருக்கும் ஹெச்.ஓ.டி. செலவுல அல்வா. வாயில போட்டா எனக்கு ருசி தெரியல. நாளைக்கு ஞாயிறு.

எப்படிச் சொல்லன்னு யோசிச்சு யோசிச்சு எழுதிப் பாத்தேன். கிழிச்சுப் போட்டுட்டேன்.


ஏப்ரல் 20, ஞாயிறு

பூத் தெறக்கும் முன்னாலயே போய் நின்னேன்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"கேட்டுட்டு, வடிவு."

நான் எல்லாத்தையும் சொன்னேன். முடிச்ச அவுத்தது, மறைச்சது, சஃபாரி செவிடுன்னு சொன்னது, எல்லாம்.

"பேசாம இருந்திருந்தா?"

"அங்கன வந்திருப்பேன்."

"பேசாம இருக்க முடியலையா உங்களுக்கு?"

"முடியல."

ஏசுவான்னு காத்திருந்தேன். ஏசல. "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். பங்குனி மாசம் பேங்க்ல கேட்டிருக்காங்க. பிரமோஷன விட்டுக் குடுத்தா திருநெல்வேலிக்கே அனுப்பிருதோம், என்ன சொல்லுதீங்கன்னு. வேண்டாம்னு சொல்லிட்டாளாம். "என் ரூம் வாசல்ல என் பேரு போட்டிருக்குங்க. எல்லாரும் எழுந்து நிக்காங்க. அத விட முடியல. உங்ககிட்டச் சொல்ல பயம். அதான் உங்களையே இங்க இழுத்துரலாம்னு பாத்தேன்." அழுதா. சத்தம் கேக்காம அழத் தெரியும் அவளுக்கு, ஆனா நான் நாலு வருசமா கேட்டவன்.

கோவம் வரணும். தேடிப் பாத்தேன், வரல. அந்த வாசல்ல அவ பேர ஒருதரம் பாக்கணும்போல இருந்துச்சு.

"சரி, அழாத."

"நீங்க அழாதீங்க" என்றாள்.

மூணு பேர் வெளிய காத்திருக்காங்க. பூத்து அண்ணாச்சி கண்ணாடியத் தட்டினாரு. வச்சுட்டேன்.

வீட்டுல அம்மா: "என்னலே சொன்னா? எப்பம் போறே?"

"போகல. அவளும் வரல. தீபாவளிக்கு வாராளாம்."

"இப்ப சித்திரைல்லாலே!"

ஆமா, சித்திரைதான். அம்மா சோத்தப் போட்டு, அவளே பிசைஞ்சு கையில தந்தா, சின்னப் பிள்ளைக்குத் தாரமாதிரி. வாங்கித் தின்னேன். தின்னுக்கிட்டே இருக்கும்போது வடிவு வேணும்போல இருந்துச்சு, இப்பமே, இந்த நிமிசமே, இந்த அடுப்படியில, என் பக்கத்துல. அப்படியே எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டேன். "பாதிச் சோத்துல எங்கனலே போறே?" என்கா அம்மா உள்ளேயிருந்து.